குளிர் அறை மெக்கானிக் வலையில் ஆள் சேர்த்த கதை

குளிர் அறை ரிப்பேர் தொழிலில் ஒரு விசேஷம் உண்டு: மெஷின் ஓடுகிற வரைக்கும் நாம் உயிரோடு இருக்கிறோமா என்றுகூட யாரும் விசாரிக்க மாட்டார்கள். பதினாறு வருஷம் ஒரு கம்பெனியில் சர்வீஸ் மெக்கானிக்காக இருந்தேன். கம்பெனி தேனி கிளையை மூடியது. சின்னமனூரில் என் வீட்டு முன்னறையே ஆபீஸ் ஆனது. கம்பெனி பெயரைப் பார்த்து வந்த அழைப்புகள் நின்றுபோயின. என் பெயரைப் பார்த்து ஆள் வர வேண்டும் என்றால், தொழில்காரர்கள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொள்ளும் அந்த வலைத்தளத்தில் சேரத்தான் வேண்டும் என்றார்கள். சேர்ந்தேன். முகம் தெரியாதவருக்கு 'வணக்கம் சார்' என்று அடித்து, அழித்து, மறுபடி அடித்துப் பழகியவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது.

தலைவர்

பெயருக்குக் கீழே நம்மைப் பற்றி ஒரு வரி எழுத வேண்டும். உத்தமபாளையத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் என் சிநேகிதன் ரபீக்கிடம் அதை ஒப்படைத்தேன். 'குளிர்பதனத் தீர்வுகளில் தொலைநோக்குத் தலைவர்' என்று ஆங்கிலத்தில் போட்டுக் கொடுத்தான். "நான் யாருக்குடா தலைவர்?" என்றேன். "எல்லாரும் இப்படித்தான் போடுறாக மாப்ளே. நீ மட்டும் மெக்கானிக்குன்னு போட்டா கீழே தள்ளிருவாக" என்றான்.

இரண்டு மாதம் எந்த அசைவும் இல்லை. பிறகு பெங்களூரிலிருந்து ஒரு பெண் பேசினார். கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை வாங்கி அனுப்பும் நிறுவனமாம். "உங்க டீம்ல எத்தனை பேர் சார்?" என்று கேட்டார். நானும் ஒரு டூல் பையும் என்று உண்மையைச் சொன்னேன். போச்சு என்று நினைத்துக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்: "அப்ப நீங்களே வந்து ரிப்பேர் பார்ப்பீங்களா? நாலு தலைவர்கள்கிட்ட பேசிட்டேன் சார், ஒருத்தருக்கும் ஸ்பேனர் பிடிக்கத் தெரியலை."

அன்றே 'குளிர் அறை மெக்கானிக், சின்னமனூர்' என்று மாற்றினேன்.

வாழ்த்துகள்

அந்தத் தளத்தில் வாழ்த்து ரெடிமேடாகக் கிடைக்கும். யாருக்காவது ஏதாவது மாறினால் 'வாழ்த்துகள்' என்ற பட்டன் தானாக வந்து நிற்கும். அமுக்கினால் போதும். காலையில் டீ ஆறுவதற்குள் பத்துப் பேருக்கு அமுக்கிவிடுவேன். அதற்குப் பெயர் தொடர்பில் இருப்பது என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் என் பழைய மேலாளர் சுந்தரராஜன் பெயர் வந்தது. கோயம்புத்தூரில் பெரிய பொறுப்பில் இருந்தவர். அமுக்கிவிட்டு அடுத்தவருக்குப் போய்விட்டேன். மத்தியானம் சோறு சாப்பிடும்போது தற்செயலாக அவர் பக்கத்தைத் திறந்தேன். 'வேலை தேடிக்கொண்டிருக்கிறேன்' என்று மாற்றியிருந்தார். அதற்குத்தான் வாழ்த்தியிருக்கிறேன். பாதிச் சோற்றோடு எழுந்தேன். கை கழுவிவிட்டுப் போன் போட்டு, பார்க்காமல் அமுக்கிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். அவர் சிரித்தார். அரைமணி நேரம் பேசினோம். மகள் படிப்பு, முதுகு வலி, வீட்டில் சும்மா இருக்கிற சங்கடம் எல்லாம் வந்தது. போனை வைக்கும்போது சொன்னார்: "முப்பத்தேழு பேர் வாழ்த்தியிருக்காங்க முருகேசன். எனக்கு வேலை போனதை இதுவரைக்கும் நீங்க ஒருத்தர்தான் படிச்சிருக்கீங்க."

திறமைச் சான்று

நமக்கு இன்ன திறமை இருக்கிறது என்று மற்றவர்கள் சான்று கொடுக்கலாம். காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் என் மச்சான் பாண்டி, தளத்தில் சேர்ந்த அன்றைக்கே எனக்கு 'மேடைப் பேச்சு' என்று சான்று கொடுத்துவிட்டார். கம்ப்ரசரைப் பற்றி அவருக்குத் தெரியாதாம். தெரிந்ததுக்குத்தானே கொடுக்க முடியும் என்றார். நான் எந்த மேடையில் ஏறினேன் என்று கேட்டதற்கு அவர் பதில்: "நம்ம வீட்டு காதுகுத்துல மைக்கப் புடிச்சு, 'சாப்பிட்டுட்டுத்தான் போகணும்'னு அரைமணி நேரம் விடாம சொன்னீகள்ல, அது பேச்சு இல்லாம என்ன?"

ஐஸ்

கம்பத்தில் ஒரு திராட்சை வியாபாரி, கரீம் பாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய குளிர் அறையில் குளிரூட்டும் குழாய்ச்சுருள் முழுக்க ஐஸ் கட்டிக்கொண்டது. காற்று வரவில்லை. கேஸ் குறைவு என்று நான் கேஸ் ஏற்றினேன். நாலே நாளில் மறுபடி ஐஸ். மறுபடி ஏற்றினேன். மூன்றாம் முறைதான் ஐஸை உருக்கிவிடும் டைமரைக் கழற்றிப் பார்த்தேன். அது சுற்றவே இல்லை. முதல் நாளே பார்த்திருக்க வேண்டியது. அதற்குள் ஒரு அடுக்குப் பெட்டி திராட்சை தளர்ந்துபோயிருந்தது. பாய் என்னைத் திட்டவில்லை. தேறுகிற குலைகளைத் தனியே பொறுக்க ஆரம்பித்தார். திட்டியிருந்தால் தேவலை.

இதைத் தளத்தில் எழுதப் போகிறேன் என்று அவரிடம் அனுமதி கேட்டேன். "என் பேரு வேணாம், உங்க பேரப் போட்டு எழுதுங்க" என்றார். 'கிறுக்கா உனக்கு' என்று ரபீக் தடுத்தான். டைமர் படத்தோடு, நான் தப்பாகக் கணித்ததை உள்ளபடி எழுதிப் போட்டேன். முதலில் வந்த கருத்து, 'இதெல்லாம் தொழிலுக்கு லாயக்கில்லாத ஆள்.' ஒருநாள் முழுக்க அதை நாலைந்து தடவை படித்தேன். அழித்துவிடலாமா என்றுகூட விரல் போனது.

மூன்றாம் நாள், பதிவைப் படித்துவிட்டு, குமுளியிலிருந்து ஜோஸ் என்ற மலையாளி கூப்பிட்டார். மீன் வைக்கும் குளிர் அறை அவருடையது. அங்கும் அதே ஐஸாம், இரண்டு பேர் வந்து கேஸ் ஏற்றிவிட்டுப் போனார்களாம். மலையேறிப் போனேன். டைமர் நன்றாகவே சுற்றியது. கதவு ரப்பர் கிழிந்து வெளிக்காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. டைமரைத்தான் சந்தேகப்பட்டு வந்தேன், அதுவும் தப்பு என்று சொல்லி ரப்பரை மாற்றினேன். ஜோஸ் கதவை இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அப்போ இதையும் எழுதிப் போடுமோ சேட்டா?"

லைக் போடாதவர்

தேவதானப்பட்டி பக்கம் பால் குளிரூட்டும் நிலையம் ஒன்றின் பொறுப்பாளர் ஜெயந்தி. இரண்டு வருஷமாக என் தொடர்பில் இருந்தார். ஒரு லைக் போட்டதில்லை, ஒரு பதில் எழுதியதில்லை. பெயர் மட்டும் இருந்தது.

போன கோடையில் ஒரு காலை எட்டு மணிக்கு அவரே அழைத்தார். "நீங்க எழுதுறதெல்லாம் படிச்சுக்கிட்டேதான்ணே இருக்கேன். இங்கன மெஷின் நின்னுபோச்சு. டேங்க் நெறைய பால் கெடக்கு. ஒடனே வாங்க." நான் அப்போது குமுளி மலைப்பாதையில் இருந்தேன். எப்படிப் பறந்தாலும் இரண்டரை மணி நேரம். பால் அவ்வளவு நேரம் காத்திருக்காது. நாற்பது வீட்டு மாட்டுக்காரர்கள் ஊற்றிய பால்.

ஆண்டிபட்டியில் செல்வம் இருந்தார். அதே தொழில், அதே ஏரியா. அதனாலேயே அவர் அனுப்பிய தொடர்பு அழைப்பை ஐந்து மாதம் கண்டும் காணாமல் வைத்திருந்து, வேண்டாவெறுப்பாக ஏற்றுக்கொண்டிருந்தேன். இந்த வாடிக்கையாளரை அவரிடம் கொடுத்தால் திரும்பி வரமாட்டார் என்று நன்றாகத் தெரியும். வண்டியை ஓரம் கட்டிவிட்டு, ஒரு நிமிஷம் நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். "ஜெயந்தி மேடமா? இந்தா கெளம்பிட்டேண்ணே" என்றார். ஒரு மணி நேரத்தில் போய், எரிந்திருந்த கான்டாக்டர் சுவிட்சை மாற்றி மெஷினை ஓடவிட்டார். பால் தப்பியது.

நினைத்தபடியே அந்த நிலையத்தின் வருடாந்திர சர்வீஸ் செல்வத்துக்குப் போனது. வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஒரு வாரம் கழித்து அந்தப் பக்கம் போனபோது உள்ளே எட்டிப் பார்த்தேன். ஜெயந்தி டீ வரவழைத்துவிட்டு, சுவரைக் காட்டினார். "மெஷினச் சரி பண்ணுனவரு நம்பரு கீழ இருக்குண்ணே. ஆளச் சரியா அனுப்புனவரு நம்பர மேல எழுதியிருக்கேன்."

இணையத்தில் ஆள் சேர்க்கும் வித்தை எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. கூப்பிட்டால் போனை எடுப்பது மட்டும் நன்றாகப் பழகிவிட்டது.