கவட்டில் வளர்ந்த பிரேசில் செடி

எழுபதுகளில் கங்காரு நாட்டுக்கு வந்து மெரிலேண்ட்ஸ் புறநகரில் குடியேறிய முதற் கோடையில், பக்கத்து வீட்டுக் கீத் எங்களுக்குப் பெரும் விநோதமாக இருந்தார். மனிதர் மரத்தின் அடியில் தண்ணீர் விடமாட்டார். ஏணி வைத்து ஏறி, கிளைக் கவட்டுக்குள் ஊற்றுவார். அங்கே அன்னாசித் தலைபோல ஒரு செடி குந்தியிருந்தது.

“உது குருவிச்சையெல்லே! மரத்தை உறிஞ்சிப்போடும். அந்தாளிட்டைச் சொல்லுங்கோ,” என்றாள் என் மனைவி பவளம். யாழ்ப்பாணத்தில் எங்கள் வளவு மாமரம் அப்படித்தான் பட்டுப்போனது.

வேலியருகே போய் நாசூக்காகச் சொன்னேன். கீத்தின் முகம் சிவந்துவிட்டது.

“இது புரோமீலியாட். பிரேசில் காடுகளில் மரக்கிளைகளில் வாழ்வது. வேர் பிடித்துக்கொள்ள மட்டும்தான். இலைக் குவளையில் தேங்கும் மழையைக் குடிக்கும். மரத்திடம் ஒரு சொட்டும் எடுக்காது. விஷயம் தெரியாதவர்கள்தான் ஒட்டுண்ணி என்று பழி சொல்வார்கள்.”

அதே மூச்சில், தெருமுனைக்குப் புதிதாக வந்த லெபனான் குடும்பத்தின் பக்கம் தலையாட்டினார். “ஒட்டுண்ணி என்றால் அவர்கள். நம் வரிப்பணத்தில் வாழ வந்தவர்கள். உங்களைச் சொல்லவில்லை.”

“என்னவாம்?” என்றாள் பவளம்.

“எங்களைச் சொல்லேல்லையாம்.”

“அப்ப ஆரை?”

அந்தக் கோடையின் ஜனவரி வெயிலில் ஒருநாள் கீத் ஏணியிலிருந்து விழுந்தார். எங்களிடம் காரும் இல்லை, டெலிபோனும் இல்லை. தெருமுனைக்கு ஓடினேன். லெபனான்காரர் இலியாஸ் சாப்பாட்டில் பாதியில் எழுந்துவந்து, கீத்தைக் குழந்தைபோலத் தூக்கித் தன் வான் வண்டியில் கிடத்தினார். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போதும் கீத் அவருடைய சட்டையை விடவில்லை.

இடுப்பெலும்பு முறிந்து கீத் படுத்திருந்த காலம் முழுவதும், நான் ஏணியைப் பிடிக்க இலியாஸ் ஏறித் தண்ணீர் ஊற்றினார். திரும்பி வந்த கீத், செடியில் இளஞ்சிவப்புப் பூங்கொத்துத் தொங்கக் கண்டு கண்கலங்கினார். பக்கக் கன்றுகளைப் பிரித்து எங்கள் இருவருக்கும் தந்தார். இலியாஸ் போனபின் குரலைத் தணித்து, “தங்கமான மனிதர். அவரையும் நான் சொல்லவில்லை. இனி வரப்போகிறவர்களைத்தான்,” என்றார்.

எங்கள் கன்றை வாடகை வீட்டு எலுமிச்சையில் கட்டிவைத்தோம். நார்த்மீட்டில் சொந்த வீடு வாங்கிப் புறப்பட்டபோது பவளம் அதைக் கழற்றினாள். வேர் தன் பிடியை விட மறுத்தது; எலுமிச்சைப் பட்டையிலும் ஒரு துண்டு உரிந்து வந்தது. அந்தத் துண்டோடேயே புது முற்றத்து யூக்கலிப்டஸில் வைத்துக் கட்டினோம். இந்த நாட்டு மரம் ஆண்டுதோறும் தன் பட்டையைத் தானே உதறிவிடுகிறது. செடியோ எலுமிச்சைத் துண்டைப் பற்றியபடி பூக்கிறது. ஒவ்வொரு கோடையிலும் பவளம் கயிற்றை அவிழ்த்து, உரிந்த பட்டையைத் தட்டிவிட்டு, மறுபடி இறுக்கிக் கட்டுகிறாள்.