பட்டினி வயலில் ஒரு கூடை எரு

சோள ஆராய்ச்சிப் பண்ணையில் அவளுக்குப் பெயர் 'பை அக்கா'. இருபது வருடமாகக் கதிர்களுக்குக் காகிதப் பை மாட்டுகிறாள். தகப்பன் கதிரைப் பைக்குள் தட்டி, விழும் மகரந்தத்தைத் தாய்க் கதிரில் கொட்டி மூட வேண்டும். "எத்தனை கல்யாணம் பண்ணி வெச்சிருக்கேன், ஒருத்தரும் ஒரு வேளை சாப்பாடு போட்டதில்ல" என்று அலுத்துக்கொள்வாள்.

அவள் கைக்கு மதிப்புக் கொடுத்தோ, வாய்க்குப் பயந்தோ, ஆராய்ச்சியாளர் அம்மா ஒரு வருடம், "உங்க இஷ்டத்துக்கு ஒரு ஜோடி சேருங்க" என்றார். அக்கா ஒரு குட்டைத் தாய்க்கு, யாரும் சீண்டாத ஒல்லித் தகப்பனைப் பார்த்துச் சேர்த்தாள். பிறந்த கலப்பினத்துக்கு 'ஒல்லிப்பிள்ளை' என்று பெயரும் வைத்தாள்.

அதைப் பட்டினி வயலில் விதைத்தார்கள். சத்தில்லாத மண்ணில் எது தாக்குப்பிடிக்கும் என்று பார்க்க, பதினைந்து வருடமாக உரமோ எருவோ காட்டாமல் வைத்திருக்கும் வயல் அது. பார்ப்பவர்கள் ஓரவஞ்சனை செய்யக்கூடாதென்று பாத்திக் குச்சியில் வெறும் எண்தான். எது எந்த ரகம் என்பது அலுவலக நோட்டில் இருக்கும். இரண்டு பருவம் தேறியாயிற்று. மூன்றாவதிலும், ஒப்பிடக் கூடவே விதைத்த பழைய ரகத்தை முந்தினால் விதை விவசாயிகளுக்குப் போகும். இல்லையென்றால் அதோடு சரி. அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அவள் கணவர் பஸ் ஓட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பண்ணையில் பகல் காவலுக்கு வந்து சேர்ந்தார். சும்மா இருக்கத் தெரியாத மனிதர். ஒரு மாதம் கழித்து வயலில் ஒரு பாத்தி மட்டும் கரும்பச்சையாக நிற்பதைக் கண்டு அக்கா திடுக்கிட்டாள்.

"நான்தான்" என்றார் அவர் பெருமையாக. "இருக்கறதிலேயே நோஞ்சானா, மஞ்சளா நின்னுச்சு. மனசு கேக்கல. ஒரு கூடை எரு போட்டேன்."

"என்ன மனுஷன் நீங்க! பட்டினி போட்டு வெச்சிருக்கிற வயல்ல விருந்து வெச்சிருக்கீங்களே!"

நோஞ்சான் என்றால் தன் பிள்ளையாகத்தான் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. சொன்னால் பருவம் போச்சு. சொல்லாவிட்டால் ஏதோ ஒரு விவசாயி இந்தப் பொய்யை நம்பி விதைப்பான். அதை நினைக்கும்போதே அவளுக்கு அவமானமாக இருந்தது. விறுவிறுவென்று அலுவலகத்துக்கு நடந்தாள். கணவர் பின்னாலேயே தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார்.

ஆராய்ச்சியாளர் அம்மா நோட்டைப் புரட்டினார். "எரு தின்னது பழைய ரகம்க்கா. அந்தப் பாத்தியைக் கணக்குல இருந்து எடுத்துடறேன். இதே ரகங்களுக்கு வேற பாத்திகளும் இருக்கே, அதை வெச்சுப் பார்ப்போம்."

அன்றிலிருந்து அறுவடை வரை வீட்டில் கணவரோடு பேச்சுவார்த்தை இல்லை.

தானியம் நிறுத்த அன்று அக்கா தராசுப் பக்கம் போகவே இல்லை. கிடங்குக்கு வெளியே காலிப் பைகளை மடித்துக்கொண்டிருந்தாள். கணவர்தான் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"எல்லாப் பாத்தியிலயும் உன் பிள்ளைதான் முந்தியிருக்கு! சும்மா ஒரு ஆசைக்கு நான் எரு போட்டதையும் நிறுத்துப் பார்த்தாங்க. அதுகூட ஒல்லிப்பிள்ளையைவிட அரை கிலோ கம்மி!"

அக்கா மடித்த பையால் முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதாள். பயந்துபோன மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார்: "இனிமேலாவது என்கிட்ட பேசுவியா?"

"பேசுறேன். கூடையை மட்டும் தொடாதீங்க."