பதின்மூன்றாவது படம்

கமராவை என் கணினி கண்டுகொள்ளவே இல்லை. அம்மாவைச் சவப்பெட்டியில் வைத்த பிறகு நான் எடுத்த படங்கள் அதற்குள் இருந்தன. பேசாலையில் ஸ்டூடியோ வைத்திருந்த, புருவம் நரைத்த ஒருவரிடம் கொண்டுபோனேன்.

வயரை மாற்றினார்; பற்றரியைக் கழற்றிப் போட்டார். திரையில் படங்கள் வரத் தொடங்கியதும் தான் இருந்த கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"செத்தவீட்டுப் படமோ? எத்தினை எடுத்தனீங்கள்?"

"பன்னிரண்டு."

"ஒண்டு கூடக் கிடக்கும். எண்ணிப் பாருங்கோ."

பதின்மூன்று கிடந்தன. கடைசிப் படம் பெட்டிக்குள்ளிருந்து மேல்நோக்கி எடுத்தது. சுற்றிலும் எல்லோரும் குனிந்து அழுகிறார்கள். நடுவில் நான், கண்ணில் கமராவை வைத்தபடி.

"அழிச்சுப்போடாதேங்கோ," என்றார், திரும்பாமலே. "அம்மா கடைசியாப் பாத்தது அதுதான்."

எத்தனை வீட்டுப் பதின்மூன்றாவது படத்தைப் பார்த்த பிறகு அவர் கதிரையைத் திருப்பப் பழகினாரோ!