ஊசியா, மாத்திரையா

இரும்புத் தகடுகள் அடுக்கிய அந்தக் கிடங்கில் அவருக்கு "மேல இருக்கறவர்" என்று பெயர். கூரையை ஒட்டி ஓடும் கிரேனில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருந்தார். சிக்கலான சுமை வந்தால் கீழே இருப்பவர்கள், "மேல இருக்கறவர் பாத்துப்பார்" என்று ஒதுங்கிக்கொள்வார்கள்.

வருடாந்திரப் பரிசோதனையில் ரத்த அழுத்தம் நூற்று எழுபத்திரண்டுக்கு நூற்று நான்கு என்று வந்தது. தலைவலி இல்லை, மயக்கம் இல்லை. கல்லுக்குண்டு மாதிரி இருப்பவனை நோயாளி என்கிறார்களே என்று அவருக்குப் புரியவில்லை. டாக்டரம்மா மாத்திரை எழுதித் தந்து, அழுத்தம் இறங்கும்வரை கிரேனில் ஏறக்கூடாது என்றார்.

அதனால் அவர் கிடங்கில் கீழே நின்று சரக்குச் சீட்டுகளைச் சரிபார்த்தார். மூன்று வாரத்தில் அழுத்தம் கொஞ்சம்தான் இறங்கியது. மனைவியின் தங்கை விடவில்லை.

"அத்தான், என் முழங்கால் வலிக்கு அக்குபஞ்சர்தான் கேட்டுச்சு. ஒரு தடவை வந்து பாருங்க."

பல் டாக்டர் கிளினிக்குக்கு மேல்மாடியில் ஒரு சின்ன அறை. ஊசி வைக்கும் அம்மாள் அவரைப் படுக்கவைத்து, காலிலும் கையிலும் மெல்லிய ஊசிகளைச் செருகினார்.

"எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்லையே. குத்திட்டீங்களா?"

"பத்து ஊசி உள்ள இருக்கு, அசையாதீங்க. மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க. இது அதோட சேத்துதான்."

அடுத்த நிமிடம் குறட்டை விட்டார்.

ஆறு வாரத்தில் அழுத்தம் நூற்று முப்பத்தாறுக்கு வந்தது. மறுபடி கிரேன் ஏறினார். டாக்டரம்மா மாத்திரை என்றார். கொழுந்தியாள் ஊசி என்றாள். "நான் உப்பைக் குறைச்சது யார் கண்ணுக்கும் படலையா?" என்றாள் மனைவி. அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

எதுவென்று தெரிந்தே ஆகவேண்டும் என்று யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினார். ஊசிக்கு மட்டும் போனார். பதினோராம் நாள், தகட்டுக்கட்டு அந்தரத்தில் தொங்கும்போது தலை கனத்துக் கண் மங்கியது. சுமையை மெல்ல இறக்கி வைத்துவிட்டு, ஏணியைக் கட்டிப்பிடித்தபடி இறங்கினார். அழுத்தம் நூற்று எழுபதைத் தாண்டியிருந்தது.

"கீழ நின்னவங்க தலைக்கு மேல தொங்கினது இரும்புங்க" என்றார் டாக்டரம்மா. அவர் தரையைப் பார்த்தார்.

"அப்ப ஊசி வேலை செய்யலையா, டாக்டர்?"

"அப்படியும் அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா ஊசியை மட்டும் நம்பற அளவுக்கு ஆதாரம் இல்லை. மாத்திரைக்கு இருக்கு."

"அந்த வாரம் என் பொண்ணோட சண்டையும் போட்டேன். அதனாலயும் ஏறியிருக்குமோ?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஊசி அம்மாளிடமும் கேட்டார். "சில பேருக்கு இறங்குது, சில பேருக்கு இல்லை. ஏன்னு எனக்கும் தெரியலைங்க" என்றார் அவர். தெரியும் என்று சொல்லியிருந்தால் சந்தேகமாவது பட்டிருக்கலாம்.

இப்போது மாத்திரையை ஒருவேளைகூட விடுவதில்லை. ஊசியை நிறுத்திப் பார்த்தால் பாதி விடையாவது கிடைக்கும். இரண்டு முறை அப்படித் தீர்மானித்தார். நேரம் வந்ததும் கால்கள் மாடிப்படியேறிவிட்டன. யார் தலைக்கு மேலும் எதுவும் தொங்காத அரைமணி நேரம் அவருக்கு அங்கேதான் வாய்த்தது.

கிடங்கில் ஒருவருக்கு அழுத்தம் ஏறியபோது, "உங்களுக்கு எதுங்க கேட்டுச்சு?" என்று இவரிடம் வந்து நின்றார்.

"மாத்திரையை விட்டுடாதீங்க" என்றார் இவர் உறுதியாக. பிறகு, ஊசியைப் பற்றி என்ன சொல்வதென்று தெரியாமல், அந்த அறைக்கு வழி மட்டும் சொன்னார்.