விழாமல் நின்ற ஞாயிற்றுக்கிழமை

“மாஸ்டர், உங்களுக்குக் கோவமே வராதோ?”

தொண்ணூறுகளில், இத்தாலியின் பலெர்மோ நகரத்து ஆஸ்பத்திரி வாசலில் வைத்து என்னிடம் இதைக் கேட்ட நேசன் அண்ணை இன்று விடியப்புறம் போய்விட்டார். அவருடைய மகள் போன் எடுத்துச் சொன்னாள்...

பழைய ஆட்களுக்கு அவரைத் தெரியும். கிழமை நாட்களில் பொலிதேயாமாப் பக்கத்து மாடிவீடுகளில் படிக்கட்டுக் கழுவுவார். ஞாயிறு பின்னேரம் பிரான்காச்சோப் பகுதி மண்டபத்தில், வெள்ளைக் கோட்டும் கைத்தடியுமாக, மல்யுத்த வில்லன் அணியின் மனேஜர்.

அணியில் எப்போதும் நான்கு கறுப்பு மாஸ்க். உள்ளே இருக்கும் ஆட்கள்தான் மாறிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் ஜெர்மனிக்குப் போவார், இன்னொருவருக்கு முதலாளியம்மா சின்யோரா வீட்டில் ஞாயிறும் வேலை வரும். ஆள் போதாமல் வாத்தியாரான நானும் ஒரு வருடம் மாஸ்க் போட்டேன்.

கதாநாயகன் ஒருவன் எங்கள் நால்வரையும் விழுத்துவதுதான் காட்சி. ஊஞ்சலை உதாரணத்துக்கு எடுங்கள்: பின்னால் ஒருவர் தள்ளினால்தான் முன்னால் இருப்பவர் பறப்பார். அவனுடைய அடி பாதி, நாங்கள் விழுவது பாதி.

அண்ணை சனத்தை ஏசிக் கொதிக்க வைப்பார். தோடம்பழத் தோல் பறந்து வரும். “எறியட்டும் மாஸ்டர். எறிஞ்சால்தான் நாங்கள் ஒழுங்காச் செய்யிறம் எண்டு அர்த்தம்.”

கதாநாயகன் இந்த ஊர்க்காரன். போஸ்டரில் ‘சிங்கம்’. ஒரு ஞாயிறு, பேசி வைத்ததை மீறி, எங்கள் மொரீசியஸ் ராஜனின் கையை உண்மையாகவே முறுக்கினான். தோள் எலும்பு உடைந்தது.

ராஜனுக்கு ஒரு கிழவியைத் தூக்கிப் பராமரிக்கும் வேலை. அது போனது. வேலை இல்லாமல் பெர்மெசோவை, இங்கே இருப்பதற்கான அனுமதியை, புதுப்பிக்க முடியாது.

சிங்கம் சிரித்துக்கொண்டு சொன்னது இதுதான்: இவங்களுக்கு நோகாது.

அன்றுதான் அண்ணை அந்தக் கேள்வியைக் கேட்டார். “வருது அண்ணை” என்றேன்.

“அப்ப பொறுங்கோ. அவன்ரை பொம்பிளை வீட்டுச் சனம் பாக்க வாற நாள் வரைக்கும் பொறுப்பம்.”

ஐந்து கிழமை பொறுத்தோம்.

அந்த ஞாயிறு முன்வரிசை முழுக்க அவனுடைய வருங்கால மாமனார் குடும்பம். ராஜனின் மாஸ்க்குக்குள் வேறொருவர். உடுப்பு மாற்றும் அறையில் அண்ணை ஒன்றே ஒன்று சொன்னார்: “இண்டைக்கு ஒருத்தரும் விழக்கூடாது.”

அடித்தான். நின்றேன். ஓடி வந்து மோதினான். நின்றோம்... அவனே பின்னால் சரிந்தான். எழும்பி வந்து, “விழு, தயவுசெய்து விழு” என்று இத்தாலியனில் என் காதுக்குள் கெஞ்சினான்.

றிங்குக்கு வெளியே இருந்து அண்ணை தமிழில் கத்தினார்: “மாஸ்டர், ஒரு கொட்டாவி விடுங்கோ!”

“மாஸ்க் போட்டிருக்கிறன் அண்ணை, ஒருத்தருக்கும் தெரியாது!”

“அப்ப கையாலை வாயைப் பொத்துங்கோ!”

பொத்தினேன். மாமனார்தான் முதலில் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. பின்வரிசையில் ராஜன், கட்டுப்போட்ட கையோடு, மற்றக் கையால் தொடையில் தட்டிக்கொண்டிருந்தான்.

சிங்கம் அதற்குப் பிறகு றிங் ஏறவில்லை. எங்கள் ஞாயிற்று வேலையும் அத்தோடு போயிற்று. எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. அண்ணைக்கும் இருந்ததில்லை.

நல்லாய்ப் படுங்கோ அண்ணை...

நாளை பின்னேரம் இறுதிக்கிரியை. சிங்கமும் மாலையோடு வருகிறானாம். ராஜனிடம் இன்றுவரை மன்னிப்புக் கேட்காதவன். வாசலில் எல்லோருக்கும் கை நீட்டுவான். நீங்களும் வருகிறீர்கள் என்றால், உங்கள் இரண்டு கைகளையும் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு அவன் முன்னால் நின்று பாருங்கள்.