நான் வாங்கிய எழுபத்திரண்டு டென்னிஸ் புத்தகங்கள்

பழைய புத்தகக் கடையில் விற்பதற்குப் பொறுமை போதும். வாங்குவதற்குத்தான் தைரியம் வேண்டும். இதை நான் அறுபத்து மூன்றாவது வயதில் தெரிந்துகொண்டேன். நாள் முழுக்கக் கடையில் உட்கார்ந்து, வருகிறவர் புரட்டிப் பார்த்துவிட்டு வைத்துப் போவதையே பார்த்துப் பழகியவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

நான்கு பெட்டிகள்

அன்று எங்கள் பழைய புத்தகக் கடைகள் இருக்கும் மாடியில் இருந்தவர்கள்: நான், பக்கத்துக் கடை காதர் பாய், எதிரில் பழைய மாத இதழ்கள் விற்கும் மிஸ்டர் லிம், அவரிடம் விலை பேசிக்கொண்டிருந்த ஒருவர், பெட்டி கொண்டுவந்த லாரிக்காரர், அவருக்கு உதவியாக வந்த ஆள். ஆக ஆறு பேர். என் அண்ணி பிலோமினா இல்லை. கடை அவருடையது. அண்ணன் போன பிறகு அண்ணியும் நானும் நடத்துகிறோம். சரக்கு வாங்குவது அண்ணி, உட்காருவது நான். அன்று அண்ணி கண் பார்க்க கிளினிக்குக்குப் போயிருந்தார்.

ஏதோ ஒரு டென்னிஸ் பயிற்சிக்கூடத்தை மூடுகிறார்களாம். மாணவர்களுக்குப் பரிசு கொடுக்க வாங்கி வைத்த புத்தகங்கள். எல்லாம் ஒரே ஆளைப் பற்றியவை: பெரிய கோப்பைகளை எல்லாம் வென்றுவிட்டு ஓய்வு பெற்ற ஒரு வெளிநாட்டுப் பெண். அவளே சொன்ன வாழ்க்கைக் கதை இருபத்து நான்கு. அவளுடைய பயிற்சியாளர் எழுதியது பதினாறு. சிறுவர்களுக்கான படப் புத்தகம் இருபது. ஒரு பத்திரிகைக்காரர் எழுதிய வரலாறு பன்னிரண்டு. மொத்தம் எழுபத்திரண்டு, எல்லாம் ஆங்கிலத்தில்.

நான் படித்தது தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை. என் ஆங்கிலம் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் கிடைத்தது. அங்கே பொருள்களைச் சரிபார்த்து எண்ணுவதுதான் என் வேலை. மேலட்டையில் அந்தப் பெண் நடுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், நீ சொன்ன கணக்கு தப்பு என்று சொல்வதுபோல. நானும் சூப்பர்வைசர் முன்னால் அப்படி நின்றிருக்கிறேன், ஆனால் வாய் திறந்ததில்லை. ‘எடுத்துக்கறேன்’ என்று லாரிக்காரரிடம் சொல்லிவிட்டேன். கடைக்கு நானாக வாங்கிய முதல் சரக்கு அது.

அண்ணி வந்தார். கண்ணில் மருந்து விட்டிருந்ததால் மூக்கு இடிக்கும் தூரத்தில் வைத்து ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “பள்ளிக்கூட லீவு முடியறதுக்குள்ள இது அத்தனையும் போவணும் செலின். போவலன்னா பேப்பர் லாமாக்காரன கூப்பிட்டு எடைக்குப் போட்டுருவேன். அதுக்கப்புறம் வாங்கற பேச்சே எடுக்காத, உக்கார்றது மட்டும்தான் ஒன் வேல.”

நின்றே படித்தவள்

எழுபத்திரண்டும் போகும் என்று முடிவு செய்துகொண்டேன். பழைய தாள் எடுக்கும் அந்தப் பேப்பர் லாமாக்காரரின் தராசில் என் முதல் சரக்கு ஏறக்கூடாது. முன் அலமாரியைக் காலி செய்து டென்னிஸை மட்டும் அடுக்கினேன்.

முதலில் வந்தவள் கெலுகோரில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பெண். வாழ்க்கைக் கதையை எடுத்தாள். தூணில் சாய்ந்து படித்தாள். ஒரு சாக்லேட் தாளை அடையாளம் வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் வந்து அதே இடத்திலிருந்து தொடர்ந்தாள். ‘வாங்கிக்கோம்மா’ என்று சொல்ல வேண்டும் என்று தினமும் பஸ்ஸிலேயே பழகிக்கொண்டு வருவேன். அவள் வந்ததும் அதற்குப் பதில் என் ஸ்டூலைத் தள்ளிக் கொடுப்பேன். கடைக்காரர்களே, உங்களில் எத்தனை பேர் இப்படி வியாபாரம் செய்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது.

ஒரு நாள் அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு புத்தகத்தை மூடினாள். தூசி தட்டி, இருந்த இடத்திலேயே வைத்தாள். நான் மனதைத் திடப்படுத்திக்கொண்டு, “வேணுமாம்மா?” என்றேன். “முடிச்சிட்டேன் ஆன்ட்டி, ரொம்ப நல்ல புக் லா. நாளைக்கு என் ஃப்ரெண்டையும் கூட்டிட்டு வரேன், இன்னொரு ஸ்டூல் இருக்கா?”

இரண்டுக்கு ஒன்று

எங்கள் மாடியில் எல்லாக் கடைக்கும் ஒரே வழக்கம். பக்கம் குறையாத இரண்டு புத்தகம் கொண்டுவந்து கொடுத்தால் கடையிலிருந்து ஒரு புத்தகம் எடுத்துக்கொள்ளலாம். காதர் பாய் அதைப் பலகையில் எழுதியே மாட்டியிருக்கிறார். சரக்கு ஓடிக்கொண்டிருக்க இது நல்ல வழிதான்.

ஆனால் முன் அலமாரி முழுக்க ஒரே முகத்தை அடுக்கியது என் தப்பு. விற்க முடியாமல் கிடக்கிறது என்று யாரும் நினைக்கவில்லை. அவளைப் பற்றிய புத்தகங்களை நான் ஆசையாகச் சேர்க்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். சுங்கை பினாங் அடுக்குமாடியில் எனக்கு மேல் வீட்டில் இருக்கும் சரோஜா வந்தாள். ஒரு சமையல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, பையிலிருந்து இரண்டு புத்தகத்தை மேசைமேல் வைத்தாள். இரண்டும் அதே டென்னிஸ்காரி. பக்கங்களை எண்ணினேன். ஒன்றுகூடக் குறையவில்லை. வழக்கத்தை மாற்ற எனக்கு மனம் வரவில்லை, வாங்கி வைத்தேன். இதே மாதிரி இன்னும் இரண்டு பேர் கொண்டுவந்தார்கள். விற்க வேண்டிய இடத்தில் ஆறு புத்தகம் கூடிவிட்டது. சரோஜாவுக்கோ முகமெல்லாம் சிரிப்பு. “மவ வீட்டுல கெடந்துச்சுக்கா, பக்கத்து வீட்டுக்காரி கேட்டா. எங்க அக்காவுக்கு இந்தப் பொண்ணுன்னா உசுருன்னு சொல்லி புடுங்கிட்டு வந்துட்டேன்.”

காணாமல் போன ஐந்து

ஸ்டூலில் நான் சும்மா உட்காரவில்லை. விற்கும் பொருளைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று வாழ்க்கைக் கதையை ஒரு விரலால் வரி வரியாகத் தொட்டுப் படித்தேன். டென்னிஸ் கணக்கு வந்த இடத்தில் நின்றுவிட்டேன். முதல் புள்ளிக்குப் பதினைந்து. இரண்டாவதற்கு முப்பது. மூன்றாவதற்கு நாற்பது என்று போட்டிருக்கிறது. அச்சுப் பிழை என்று நினைத்து மற்ற மூன்று வகைப் புத்தகத்திலும் பார்த்தேன். நான்கிலும் நாற்பதுதான்.

அந்த வாரம் ஒரு டென்னிஸ் பயிற்சியாளர் வந்தார். விடுமுறை வகுப்பு நடத்துகிறாராம், ரவி என்று பெயர். படப் புத்தகத்தை அவர் புரட்டிக்கொண்டிருந்தபோது, புத்தக முதுகைப் பார்த்தபடி கேட்டேன்: “தம்பி, பதினஞ்சு, முப்பது. அப்புறம் நாப்பத்தஞ்சுதானே வரணும்?”

“நாப்பதுதான் ஆன்ட்டி.”

“அஞ்சு எங்க போச்சு?”

“அது அப்படித்தான் லா. ரூல்ஸ்.”

“யாரோ குறைச்சுச் சொல்லியிருக்காங்க. நீங்க கேக்கலையா?”

அவர் புத்தகத்தை மூடிவிட்டு என்னையே பார்த்தார். காதர் பாய் தன் கடையிலிருந்து எட்டிப் பார்த்து, “எங்க அக்காகிட்ட கணக்கு பேசாதீங்க சார்” என்றார். ரவி சிரிக்கவில்லை. தன் மாணவர்களுக்கென்று இருபது படப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டார். படி இறங்கப் போனவர் திரும்பி வந்தார். “இத்தன வருசமா சொல்லிக் குடுக்கறேன், ஒரு பயலும் கேட்டதில்ல. இனிமே ஒவ்வொரு தடவ நாப்பதுன்னு சொல்லும்போதும் ஒங்க மூஞ்சிதான் வரும் ஆன்ட்டி.”

விமானத்தில் அழுகை

பத்திரிகைக்காரர் எழுதிய பன்னிரண்டிலும் ஒரு குறை இருந்தது. எந்தப் புத்தகம் கைக்கு வந்தாலும் நான் பக்க எண்களைப் பார்ப்பேன். இவை ஒவ்வொன்றிலும் நடுவில் பதினாறு பக்கம் இல்லை. அச்சகத்தில் கட்டும்போதே விட்டிருக்கிறார்கள். அதுவும் எந்த இடம்? கடைசிப் பெரிய ஆட்டம். ஒரு பக்கத்தில் அவள் மைதானத்துக்குள் நடந்து போகிறாள். அடுத்த பக்கத்தில் விமானத்தில் உட்கார்ந்து அழுகிறாள். ஜெயித்தாளா, தோற்றாளா, எதற்கு அழுகிறாள், ஒன்றும் தெரியாது.

“யாரு எண்ணிப் பாக்கப் போறா, பேசாம வித்துரு” என்றார் அண்ணி. பன்னிரண்டின் முதல் பக்கத்திலும் பென்சிலால் எழுதினேன்: பதினாறு பக்கம் இல்லை. அண்ணி அன்று என்னோடு பசியாறவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு மிஸ்டர் லிம் கடையில் போய் உட்கார்ந்து சாப்பிட்டார்.

எழுதியதை வாசித்த யாரும் வாங்கவில்லை. ஒரே வழிதான் இருந்தது. அந்தப் பதினாறு பக்கத்தில் நடந்ததை நான் வாயால் சொல்ல வேண்டும். அவளுடைய சொந்தக் கதையில் அந்த ஆட்டம் முழுதாக இருந்தது. வீட்டில் சோறு வடித்துக்கொண்டே சொல்லிப் பார்த்தேன். கண்ணாடி முன்னால் நின்று சொன்னால் குரல் போய்விடும்; குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்துச் சொன்னால் வந்தது.

முதலில் மாட்டியவர் வாடகைக் கார் ஓட்டும் ஒருவர். முதுகுவலிக்குப் புத்தகம் தேடி வந்தவர் மேலட்டையைப் பார்த்து இதை எடுத்துவிட்டார். பென்சில் எழுத்தைப் பார்த்துவிட்டு வைக்கப் போனார். நான் அலமாரியைப் பார்த்தபடி ஆரம்பித்தேன். முதல் செட் போய்விட்டது. எதிரில் ஆடுபவள் அவளுடைய சிறுவயதுத் தோழி, ஒரே அறையில் தங்கி வளர்ந்தவர்கள். இரண்டாவது செட்டில் ஒரு புள்ளி போனால் எல்லாம் முடிந்தது என்ற நிலை. அங்கிருந்து ஒவ்வொன்றாகப் பிடித்து இழுக்கிறாள். அப்போது கீழே தெருவில் விசில் சத்தம். நிறுத்தக்கூடாத மஞ்சள் கோட்டில் அவர் காரை நிறுத்தியிருந்தார் போலிருக்கிறது, போலீஸ்காரர் அபராதம் எழுத வந்துவிட்டார். நான் நிறுத்தினேன். அவர் நகரவில்லை. “சம்மன் வந்தா வந்துட்டுப் போவுது, நீங்க அந்தக் கடைசி செட்ட சொல்லி முடிங்கக்கா.”

கடைசிச் சனிக்கிழமை

அவள் ஜெயித்தாள். தோழியைத் தோற்கடித்ததற்காக விமானத்தில் அழுதாள். இதை நான் ஒன்பது பேருக்குச் சொன்னேன். ஒன்பது புத்தகம் போயின. நின்றே படித்தவள்கூடத் தோழியோடு வந்து ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டு போனாள். சொல்லி முடித்ததும் எனக்குத் தொண்டை காய்ந்து காதர் பாய்தான் தேத்தண்ணி கொடுத்தார்.

விடுமுறையின் கடைசிச் சனிக்கிழமை. வாங்கியது எழுபத்திரண்டு. வந்து சேர்ந்தது ஆறு. ஒன்றும் இரண்டுமாக விற்றதையும் சேர்த்துப் போனது அறுபத்தொன்று. மிச்சம் பதினேழு. அதில் பக்கம் குறையாதவை பதினான்கு. பேப்பர் லாமாக்காரர் மதியம் வருவதாக அண்ணிக்கு போன் வந்துவிட்டது.

பதினான்கையும் தூக்கிக்கொண்டு காதர் பாய் கடைக்குப் போனேன். நாலு எட்டுதான். முன்பின் அவரிடம் எதையும் கேட்டதில்லை. மேசைமேல் இரண்டிரண்டாக அடுக்கினேன். ஏழு அடுக்கு.

“என்னாக்கா இது?”

“பக்கம் குறையல. எண்ணிப் பாருங்க பாய்.”

அவர் பலகையைப் பார்த்தார். புத்தகங்களைப் பார்த்தார். “வெளிய இருந்து வர்ற ஆளுங்களுக்குத்தான் அது.”

“பலகையில அப்படி எழுதலையே பாய்.”

மிஸ்டர் லிம் எதிரிலிருந்து மலாயில், அந்தம்மா சொல்வது சரி என்றார். நான் ஏழு புத்தகம் தேர்ந்தெடுத்தேன்: தமிழ் அகராதி இரண்டு, பள்ளிப் பயிற்சி நூல் நான்கு, கோழி வளர்ப்பு ஒன்று. பள்ளி திறக்கும் நேரம், எல்லாம் உடனே போகக்கூடியவை. காதர் பாய் தலையைச் சொறிந்துகொண்டே டென்னிஸ்காரியைத் தன் முன்வரிசையில் அடுக்க ஆரம்பித்தார். “ஒங்கள வாய் திறக்காத ஆளுன்னு நெனச்சு இத்தன நாள் பக்கத்துல குடியிருந்துட்டேன் பாருங்க.”

பேப்பர் லாமாக்காரர் தராசோடு வந்தார். அலமாரியில் குறைப் புத்தகம் மூன்று நின்றன. மூன்று புத்தகத்துக்காகவா மாடி ஏறி வந்தேன் என்று முணுமுணுத்துவிட்டு மிஸ்டர் லிம்மின் பழைய இதழ்களை எடைபோடப் போனார். அண்ணி என் எதிரில் வந்து நின்றார். ‘அத்தனையும்’ என்றுதான் சொல்லியிருந்தார். நானும் மறுக்கவில்லை. மூன்று இருக்கிறது, மூன்றும் கண்ணுக்குத் தெரிகிறது. அண்ணி ஒன்றை எடுத்து நடுவில் பிரித்து, விமானத்தில் அழும் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கைப்பையிலிருந்து ஒரு முகவரிச் சீட்டை எடுத்து என் மேசையில் வைத்தார். “பைராம் தோட்டத்துல ஒருத்தர் வீட்ட காலி பண்றாங்களாம், புத்தகம் நெறைய கெடக்காம். திங்கக்கெழம நீயே போய் பாத்து எடுத்துட்டு வா, ஆனா டென்னிஸ் மட்டும் வேணாம்.”

ஆக, பழைய புத்தக வியாபாரத்தில் ஒருவர் ஜெயித்தார் என்றால் அலமாரி காலியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. என் கணக்கில் மிச்சம் மூன்று.