மேலே போன காற்று

எங்கள் கண்காணிப்பாளருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் ‘ரெகுலேட்டர்’. பதினோரு வருடத்தில் அந்தப் பதிவேட்டு அறையில் அவர் செய்த ஒரே வேலை, மின்விசிறிகளின் குமிழைத் திருகியதுதான். எங்கள் தலைக்கு மேல் இரண்டாம் எண், அவர் தலைக்கு மேல் ஐந்து. சாப்பிடப் போகும்போதுகூடத் தன்னுடையதை அணைக்க மாட்டார்.

“ரூம் சில்லுனு இருக்கட்டும்யா. வந்து உக்காரணும்ல?”

பழுது பார்க்க வந்த எலெக்ட்ரீஷியன் அக்காவுக்கு ஒருநாள் பொறுக்கவில்லை. “சார், ஃபேன் ரூமைக் குளிர வைக்காது. உடம்பு மேல காத்து படுறதாலதான் நமக்குச் சில்லுனு இருக்கு. ஆள் இல்லாதப்ப வெட்டியா சுத்துது.”

“எனக்கே பாடமா?” என்றார். இதைத் தவிர வேறு பதிலை அவர் வாயிலிருந்து நாங்கள் கேட்டதே இல்லை.

குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டும் எங்கள் கால்கள் விறைத்தன. சூடெல்லாம் கூரையில் போய் ஒட்டிக்கொண்டது. அக்கா ஏணியில் ஏறி, ஏழு மின்விசிறிகளின் மோட்டாரிலும் இருந்த சின்ன சுவிட்சைத் தள்ளிவிட்டார். இறக்கைகள் எதிர்ப்பக்கமாக, மெதுவாகச் சுற்றின. காற்று மேலே போய், அங்கே கிடந்த சூட்டைச் சுவரோரமாகக் கீழே இறக்கியது. மதியத்துக்குள் தட்டச்சர் அம்மா சால்வையைக் கழற்றிவிட்டார்.

“வெயில் வந்ததும் மறக்காம மாத்திடணும் சார்” என்று சொல்லிவிட்டுத்தான் அக்கா போனார்.

அந்த வாரமே ரெகுலேட்டரின் சுற்றறிக்கை பலகையில் தொங்கியது. ‘எனது நெடுநாள் ஆய்வின் பயனாக’ என்று ஆரம்பம். ஆய்வாம்! அக்கா வேலை செய்த நேரமெல்லாம் குறட்டை விட்ட மனுஷன். கடைசி வரி: என் அனுமதியின்றி சுவிட்சை எவரும் தொடக்கூடாது.

வெயில் வந்தது. மின்விசிறிகள் எதிர்ப்பக்கமே சுற்றின.

“சார், சுவிட்சை மாத்தணுமே” என்றார் தட்டச்சர் அம்மா.

“சர்க்குலரைப் படிக்கலையா? காத்து வரலன்னா ஸ்பீடைக் கூட்டுங்க.”

பெரிய மனசு பண்ணி எங்களுக்கும் ஐந்து கொடுத்தார். அத்தனை காற்றும் இன்னும் வேகமாகக் கூரைக்குப் போனது. ஆறு வாரம் வெந்தோம். அவர் சட்டையும் முதுகோடு ஒட்டித்தான் கிடந்தது. தப்பு என்று ஒப்புக்கொள்ள மட்டும் நாக்கு எழவில்லை.

பிறகு மேலதிகாரி சோதனைக்கு வந்தார். கையெழுத்துப் போடும்போது வியர்வை சொட்டி மை கலங்கியது. அண்ணாந்து பார்த்தார்.

“இதெல்லாம் ஏன் ரிவர்ஸ்ல ஓடுது?”

“எத்தனை தடவை சொல்றது சார்! இவங்க கேக்கறதே இல்ல” என்று எங்களைக் கை காட்டினார் ரெகுலேட்டர். வெட்கம் என்ற ஒன்று அந்த உடம்பில் எங்கேயும் இல்லை.

தட்டச்சர் அம்மா எழுந்து போய், பலகையிலிருந்த சுற்றறிக்கையைக் கழற்றி வந்து மேசையில் வைத்தார். மேலதிகாரி முழுவதும் படித்தார்.

“உங்க அனுமதி வேணும்னு போட்டிருக்கே. அப்ப நீங்களே ஏறி மாத்துங்க.”

எல்லாவற்றையும் அணைத்தோம். தொந்தியைத் தூக்கிக்கொண்டு ஏழு தடவை ஏறி இறங்கினார். எனக்கு இரக்கமே வரவில்லை. மறுபடி போட்டதும் காற்று தடதடவென்று கீழே இறங்கி, அவர் மேசைத் தாள்களை அறை முழுக்க விசிறியடித்தது.

“பிடிங்கய்யா, பிடிங்க!” என்று கத்தினார்.

ஒருவரும் நாற்காலியை விட்டு எழவில்லை.